கட்டுமானத் திட்டத்தில் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு: பசுமை முடிவுகள் எந்த இடத்தில் அறுந்துபோகின்றன?

தளவரைவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் எழும்பிவரும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றுகிறேன். நிலத்தடியில் இரண்டு தளங்களும் அதன் மேல் ஒன்பது மாடிகளும் வருகின்றன. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற்ற பிறகே வேலை தொடங்கியது. உரிமையாளர் ஐ.ஜி.பி.சி. (இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில்) தரச்சான்றும் வேண்டும் என்கிறார்; அதற்கென்று தனியாக ஒரு பசுமைக் கட்டட ஆலோசகரும் இருக்கிறார்.

சிக்கல் இதுதான். வடிவமைப்புக் கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகளில் பல, தளத்துக்கு வந்து சேரும்போது உருமாறிவிடுகின்றன. சில வந்து சேர்வதே இல்லை. கூட்டக் குறிப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் தளத்தில் கேட்டால், அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதே தெரியாது என்பார்கள்.

இந்நிலையில், யார் யாரிடம் தகவல் கேட்கிறார்கள் என்பதைச் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வின் மூலம் வரைந்து பார்க்கலாம் என்று எங்கள் மேலிடத்தில் ஒரு யோசனை எழுந்துள்ளது. என் ஐயங்கள் மூன்று. யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது? என்ன கேள்வி கேட்பது? வண்ணக் கோடுகளும் வட்டங்களும் நிறைந்த படம் கையில் வந்த பிறகு, அதை வைத்து நாளைக் காலை தளத்தில் எதை மாற்ற முடியும்? இந்த முறையைக் கையாண்டவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

முடிச்சு

இத்துறையில் ஆய்வு செய்துவருகிறேன் என்பதால், முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

மனிதர்களைப் புள்ளிகளாகவும் அவர்களுக்கிடையே உள்ள உறவைக் கோடுகளாகவும் வரையும் வழக்கத்தை 1930களில் ஜேக்கப் மொரேனோ தொடங்கிவைத்தார். ஒருவர் எத்தனை பேருக்கு நடுவில் பாலமாக நிற்கிறார் என்பதை எண்ணால் அளக்கும் இடைநிலை மையத்தன்மை என்ற அளவீட்டை 1977இல் லின்டன் ஃப்ரீமன் வரையறுத்தார். கட்டுமானத் துறைக்கு இம்முறையை அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஸ்டீஃபன் பிரைக் முக்கியமானவர். அமெரிக்காவில் பால் சினௌஸ்கியும் அவருடைய குழுவினரும் 2008 முதல் இதை எழுதிவருகிறார்கள்.

பிரைக்கின் அணுகுமுறையில் நான் மிகவும் மதிப்பது, ஒரே திட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வலைகளை அவர் வரைந்தார் என்பதைத்தான். யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்பது ஒரு வலை. யாருடைய ஊக்கத்தொகை யாருடைய செயல்பாட்டைப் பொறுத்திருக்கிறது என்பது இன்னொரு வலை. தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான், பணமும் பொறுப்பும் ஒரு வழியில் ஓட, தகவல் வேறு வழியில் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது.

அவரும் உடன் ஆய்வாளர்களும் லண்டன் சுரங்க ரயிலின் பேங்க் நிலைய விரிவாக்கத் திட்டத்தை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. வடிவமைப்பிலிருந்து கட்டுமானத்துக்கு மாறும் கட்டத்தில், யாரும் திட்டமிடாமலேயே ஊழியர்கள் தங்களுக்குள் வலைகளை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டியது. அந்த வலைகளில் மொத்தத் தொடர்புகள் குறைவு. ஆனாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவரைச் சென்றடையும் தொலைவும் குறைவு. அதிகத் தொடர்புள்ள சிலரைச் சுற்றி நெருக்கமான குழுக்கள் திரண்டிருந்தன. அது பசுமைக் கட்டடம் பற்றிய ஆய்வு அன்று. இருந்தாலும் உங்கள் தளத்தில் இப்போது நடந்துகொண்டிருப்பதும் அதே மாற்றக் கட்டம்தான்.

ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. வழக்கமான கருத்துக்கணிப்பைப் போல நூறு பேரில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது இங்கே செல்லாது. பதில் தராமல் விடுபட்ட ஒருவரே நடுவில் நிற்கும் பாலமாக இருந்துவிட்டால், முழுப் படமும் தவறாகிவிடும். ஆகவே எல்லையை எங்கே வகுப்பது என்ற உங்கள் முதல் ஐயம்தான் மூன்றிலும் கடினமானது.

---

கற்காரை

அந்த எல்லைக் கேள்விக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

உங்கள் கட்டடத்தில் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குப் பதிலாக உலைச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டைப் பயன்படுத்த வடிவமைப்புக் கூட்டத்தில் முடிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி பி.பி.சி.யில் 15 முதல் 35 விழுக்காடு வரை உலைச் சாம்பல் இருக்கலாம். அந்த அளவுக்குக் கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் சிமெண்டின் மூலப்பொருள்) குறைகிறது, கரிம உமிழ்வும் குறைகிறது. கட்டடக் கலைஞருக்கும் பசுமை ஆலோசகருக்கும் கட்டமைப்புப் பொறியாளருக்கும் இதில் மறுப்பு இருக்காது. கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு வரி தளத்துக்கு இறங்கும்போது என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஐ.எஸ். 456:2000 தரநூல், சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் வார்த்த கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும், அதாவது ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது. கலப்புச் சிமெண்டோ கனிமச் சேர்க்கையோ இருந்தால் குறைந்தது 10 நாள். சென்டரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பதற்கும் அதே நூலில் ஒரு பட்டியல் உண்டு. 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி கொண்ட தளப்பலகைக்கு (ஸ்லாப்) 14 நாள் வரை முட்டு நிற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த நாள் கணக்கு சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கானது. மற்ற சிமெண்டுகளுக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். உலைச் சாம்பல் கலவை தொடக்க நாள்களில் மெதுவாகவே வலுப்பெறும் என்பதே காரணம்.

எனவே அந்தக் கூட்டக் குறிப்பு உண்மையில் மூன்று பேரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சென்டரிங் தகடுகளையும் முட்டுகளையும் அடுத்த மாடிக்கு எப்போது ஏற்றலாம் என்று கணக்குப் போடும் திட்டமிடல் பொறியாளர் ஒருவர். ஏழாம் நாள் கான்கிரீட் சோதனைக் கியூபை உடைத்துப் பார்த்துப் பலகை பிரிக்கச் சீட்டு எழுதித் தரும் என்னைப் போன்றவர் ஒருவர். மூன்றாமவர், கோணிச் சாக்கை நனைத்துப் பரப்பி, மணலால் பாத்தி கட்டித் தண்ணீர் விடும் தொழிலாளி. அவருக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த எண் ஏழு. இந்தத் தளத்தில் அது பத்தாகிவிட்டது என்பதை அவரிடம் சொல்ல வேண்டியவர் யார்? எந்த நிறுவன அமைப்புப் படத்திலும் அந்தத் தொழிலாளியின் பெயர் இருப்பதில்லை. எட்டாம் நாள் அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். மேற்பரப்பில் மயிரிழை விரிசல் விழும். பிறகு அந்தப் பழி உலைச் சாம்பலின் மேல் விழும். அடுத்த திட்டத்தில் அதே ஒப்பந்ததாரர், சாம்பல் கலந்த சிமெண்ட் வேண்டவே வேண்டாம் என்று கூட்டத்தில் அழுத்திச் சொல்வார்.

ஆகவே, பதவிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லையை வகுக்காதீர்கள். ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்து, அது கடைசியில் யார் கையால் நிறைவேறுகிறதோ அவர் வரை நூலைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

---

அளவுப்புத்தகம்

கற்காரை சொன்ன சங்கிலி முழுக்க உண்மை. அதைக் கண்டுபிடிக்க வலையமைப்புப் பகுப்பாய்வு எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பில்லிங் பிரிவில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் சற்றுக் கடுமையாகவே கேட்கிறேன்.

எங்கள் அளவுப் பட்டியல்களில் நீராற்றலுக்குத் தனி இனம் கிடையாது. கான்கிரீட்டின் கன மீட்டர் விலையிலேயே அது அடங்கிவிடும். 7 நாள் 10 நாளாகும்போது கூடுதலாக மூன்று நாள் ஆள்கூலியும் தண்ணீர்ச் செலவும் ஒப்பந்ததாரர் தலையில் விழுகின்றன. அந்தத் தொழிலாளிக்கு நீங்கள் நேரில் போய்ச் சொன்னாலும், அவரை அங்கே நிறுத்தி வைக்கும் மேஸ்திரிக்கு அந்த மூன்று நாளுக்கு யார் பணம் தருவார்?

கழிவும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி (2026 மார்ச் வரை இவையே நடைமுறை), ஒரு நாளில் 20 டன்னோ ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னோ கழிவு உண்டாக்குபவர்கள் கான்கிரீட், மண், செங்கலும் சாந்தும், எஃகும் மரமும் பிளாஸ்டிக்கும் என்று பிரித்து வைக்க வேண்டும். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் லாரிக்காரருக்கு நாம் நடைக் கணக்கில்தான் பணம் தருகிறோம். ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், அருகில் எங்கே பள்ளம் கிடக்கிறதோ அங்கே கொட்டிவிட்டு அடுத்த நடைக்கு ஓடிவருவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். இதை அறிந்துகொள்ளப் புள்ளியும் கோடும் வரையத் தேவையில்லை. லாரி சீட்டுக் கட்டைப் புரட்டினால் போதும்.

---

முடிச்சு

அளவுப்புத்தகம் அவர்கள் எழுதியது என் நிலைப்பாட்டுக்கு எதிரானது என்று நான் கருதவில்லை. அவர் விவரிப்பது, நான் முன்பு குறிப்பிட்ட இரண்டாவது வலை. தகவல் போய்ச் சேர்ந்தும் பணம் போய்ச் சேராத கோடுகள் எவை, பணம் இருந்தும் தகவல் போகாத கோடுகள் எவை என்று தனித்தனியாகக் காட்டுவது இந்த முறையால்தான் முடியும். நீராற்றல் எந்த வகைச் சிக்கல் என்பது முன்கூட்டியே நமக்குத் தெரியாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

அனுபவம் உள்ளவர்களின் ஊகமும் வரைபடமும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. பசுமை ஆலோசகரின் இடம்தான் அது. சிறிய எடுத்துக்காட்டாகக் கையாலேயே கணக்கிட்டுக் காட்டுகிறேன். இது கற்பனைத் திட்டம், ஆனால் அமைப்பு பழகியதாக இருக்கும்.

வடிவமைப்புப் பக்கம் 4 பேர். அவர்கள் நால்வரும் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். தளத்தில் 5 பேர். அவர்களும் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். இரு பக்கத்திலும் உள்ள ஒன்பது பேரோடும் பேசுபவர் பசுமை ஆலோசகர் ஒருவர் மட்டுமே. ஆலோசகரைத் தவிர்த்த ஒன்பது பேரில் 36 இணைகள் உண்டு. அவற்றில் வடிவமைப்பாளர் ஒருவரும் தளத்தவர் ஒருவரும் கொண்ட இணைகள் 4 பெருக்கல் 5, அதாவது 20. அந்த 20 இணைகளுக்கும் குறுகிய வழி ஆலோசகர் வழியாகத்தான் போகிறது. எனவே அவருடைய இடைநிலை மையத்தன்மை 20ஐ 36ஆல் வகுக்க வரும் 0.56.

இப்போது ஒரே ஒரு நேரடிக் கோட்டை மட்டும் சேருங்கள்: கட்டமைப்புப் பொறியாளரும் தளத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் இருவருக்குள் ஆலோசகர் தேவையில்லை. கட்டமைப்புப் பொறியாளர் தளத்தின் மற்ற நால்வரை அடைய இப்போது இரண்டு குறுகிய வழிகள் உண்டு. ஆகவே அந்த நான்கு இணைகளிலும் ஆலோசகருக்குப் பாதிப் பங்குதான், மொத்தம் 2. அதேபோல மற்ற மூன்று வடிவமைப்பாளர்களுக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளருக்கும் இடையே 1.5. மிச்சமுள்ள 12 இணைகள் முழுமையாக அவர் வழியாகவே போகின்றன. கூட்டினால் 15.5, அதை 36ஆல் வகுத்தால் 0.43.

ஒற்றைக் கோடு இவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவருகிறது. நம் ஊரில் பசுமை ஆலோசகர் பெரும்பாலும் சான்றிதழுக்கான ஆவணங்களுக்காக நியமிக்கப்படுபவர். மாதத்துக்கு ஒருமுறை தளத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் தலையில் இருபது இணைகளையும் சுமத்திவிட்டு, முடிவுகள் வந்து சேரவில்லை என்று வியப்பதில் பொருளில்லை. ரொனால்ட் பர்ட் 1992இல் விளக்கிய கட்டமைப்பு இடைவெளி என்ற கருத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இரு குழுக்களுக்கு இடையே தனியாக நிற்பவருக்கு அந்த இடைவெளியால் ஆதாயம் உண்டு. அதை அடைக்க அவரே முன்வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

---

சாளரம்

கட்டடக் கலைஞர் என்ற முறையில், தரவை எங்கிருந்து எடுப்பது என்பது பற்றிச் சில சொற்கள்.

நினைவிலிருந்து சொல்லும் பதிலை நான் அதிகம் நம்புவதில்லை. பெர்னார்ட், கில்வொர்த், செய்லர் ஆகிய மூவரும் 1970களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய ஆய்வுகளில், யாரோடு பேசினோம் என்று மக்கள் சொல்வதையும் அவர்கள் உண்மையில் பேசியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொன்னவற்றில் ஏறத்தாழப் பாதி ஏதேனும் ஒரு வகையில் பிழையாக இருந்தது. ஆகவே, ஏற்கெனவே எழுத்தில் இருப்பவற்றை எடுக்கலாமே என்று தோன்றும். ஆர்.எஃப்.ஐ. (எழுத்தில் விளக்கம் கேட்கும் கோரிக்கை) பதிவேடு, வரைபட அனுப்புகைக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு கூட்டத்தில் 15 பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்து எல்லோருக்கும் எல்லோரோடும் தொடர்பு என்று மென்பொருளில் ஏற்றினால், ஒரே கூட்டத்திலிருந்து 105 கோடுகள் பிறந்துவிடும். அந்தப் பதினைந்து பேரில் வாய் திறந்தவர்கள் நான்கு பேராக இருப்பார்கள். வாராந்தரக் கூட்டங்கள் சிலவற்றை இப்படி ஏற்றிவிட்டால் உலகிலேயே மிக நெருக்கமான திட்டக்குழு நம்முடையதுதான் என்று படம் சொல்லும். மின்னஞ்சலில் நகல் பெறுபவர்களைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று, தளத்தின் உண்மையான பேச்சு இப்போது வாட்ஸப் குழுக்களில்தான் நடக்கிறது. கம்பி கட்டிய படத்தைப் போட்டு, வார்க்கலாமா என்று கேட்டு, ஒரு கட்டைவிரல் குறியோடு ஒப்புதல் முடிந்துவிடுகிறது. ஆர்.எஃப்.ஐ. பதிவேட்டில் அது வராது. அதற்காக ஊழியர்களின் கைப்பேசி உரையாடலை எடுத்து ஆராய வேண்டும் என்று யாராவது சொன்னால், ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அது நம்பிக்கையைக் கெடுக்கும் செயல்.

---

வைகைக்கரை

நான் பிளம்பிங், தீயணைப்புக் குழாய் வேலைகளை எடுத்துச் செய்யும் துணை ஒப்பந்ததாரர். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்பதால், இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

இப்படி ஒரு கணக்கெடுப்பு நான் வேலை செய்த ஒரு தளத்தில் நடந்தது. முதன்மை ஒப்பந்ததாரரின் ஊழியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் மட்டும் படிவம் கொடுத்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில். எங்களுக்கு வரவில்லை. முடிவில் வந்த படத்தில், மறுசுழற்சி நீருக்கான இரட்டைக் குழாய் அமைப்பு பற்றித் தளத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை என்று தெரிந்ததாம்; விழிப்புணர்வு போதவில்லை என்று ஒரு பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். உண்மையில் அந்தக் குழாயைப் பற்றி நாளெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான். குடிநீர்க் குழாயும் மறுசுழற்சிக் குழாயும் ஒரே சுரங்கப் பாதையில் வரும்போது எது மேலே எது கீழே, கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கு எதிலிருந்து கிளை எடுப்பது, இரண்டும் தவறிக்கூட இணைந்துவிடாமல் எந்த வண்ணம் பூசுவது என்று கேட்டோம். கேட்டது அவர்களுடைய எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்ததால் படத்தில் வரவில்லை.

தொழிலாளர்களிடம் கேட்பதிலும் சில நுட்பங்கள் இருக்கின்றன. பெரிய தளங்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரை உடன் வைத்துக்கொண்டு கேட்டால், எல்லாக் கேள்விக்கும் அவர் பெயரையே பதிலாகச் சொல்வார்கள். அவர்களுக்கு அவர்தான் கூலி, அவர்தான் முன்பணம், அவர்தான் ஊருக்குப் போகும் ரயில் சீட்டு. அவர் இல்லாதபோது, அவர்கள் மொழியில், அவர்களோடு தேநீர் குடிக்கும் ஒருவர் கேட்டால்தான், பக்கத்து அறையில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவரிடம்தான் எல்லோரும் யோசனை கேட்கிறார்கள் என்பது வெளியே வரும்.

இன்னும் ஒன்று: யாரும் பெயர் சொல்லாததால் படத்தின் ஓரத்தில் தனிப் புள்ளியாக நிற்பவரை, ஆள்குறைப்புக்கு முதல் பெயராக எடுத்துக்கொள்ளும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால், அடுத்த சுற்றில் எல்லோரும் எல்லோர் பெயரையும் எழுதித் தருவார்கள்.

---

தளவரைவு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. படித்துவிட்டு எங்கள் திட்டத்துக்கு ஒரு வரைவு தயாரித்துள்ளேன். குறை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

மொத்தத் தொடர்பு வலை என்ற யோசனையைக் கைவிடுகிறேன். இரண்டே முடிவுகளை எடுத்துக்கொள்கிறோம்: கலப்புச் சிமெண்ட், கழிவைப் பிரித்து அனுப்புதல். ஒவ்வொன்றுக்கும் தனி வலை; மாற்றங்களுக்கு முன்பு ஒரு சுற்று, பின்பு ஒரு சுற்று என இரண்டு முறை வரைவோம். எல்லையை வகுக்கப் பதவிப் பட்டியலைத் தொடாமல், முதலில் ஐந்து பேரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களிடம் கேட்டு, புதுப் பெயர் வராமல் நிற்கும் வரை போகிறோம். துணை ஒப்பந்ததாரர்கள், ரெடிமிக்ஸ் ஆலையில் கலவை போடுபவர், கழிவு லாரிக்காரர், நீராற்றும் தொழிலாளர்கள் எல்லோரும் வருவார்கள்.

கேள்வியைப் பொதுவாகக் கேட்காமல் இப்படி அமைத்துள்ளேன்: "கடந்த இரண்டு வாரங்களில் கான்கிரீட் கலவை, நீராற்றல், பலகை பிரித்தல் ஆகியவற்றில் உங்களுக்கு ஐயம் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்? உங்களிடம் யார் கேட்டார்கள்?" இரு முனையிலும் ஒத்துவரும் தொடர்பைத் தடித்த கோடாகவும், ஒரு முனையில் மட்டும் சொல்லப்பட்டதை மெல்லிய கோடாகவும் வரைவோம். மேலிடத்துக்குப் போகும் படத்தில் பெயர் இருக்காது. பணி மட்டும் இருக்கும்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மனிதர்களுக்குப் பதிலாக இடர்களையே புள்ளிகளாக வரையும் முறை ஒன்றை எங்கள் ஆலோசகர் பரிந்துரைக்கிறார். அது இதைவிடப் பொருத்தமாக இருக்குமா?

---

முடிச்சு

அவர் சொல்வது ரெபேக்கா யாங்கும் பேட்ரிக் ஸோவும் 2014இல் பசுமைக் கட்டடத் திட்டங்களுக்காக முன்வைத்த அணுகுமுறையாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பங்குதாரரோடு இணைந்த ஓர் இடர். இந்த இடர் நிகழ்ந்தால் அந்த இடர் எவ்வளவு தூண்டப்படும் என்பதற்கு, தாக்கத்தையும் நிகழும் வாய்ப்பையும் மதிப்பிட்டுக் கோட்டுக்கு எடை தருகிறார்கள். எந்த இடரைத் தொட்டால் பல இடர்கள் ஒன்றாக அடங்கும் என்பதைக் காட்டுவது அதன் வலிமை. திட்டத்தின் தொடக்கத்தில், ஒப்பந்த ஆவணம் எழுதும் முன்பு, அது மிகப் பயனுள்ளது.

உங்கள் நிலையில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த எடைகள் எல்லாம் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் மதிப்பீடுகள். மேசைக்கு வராதவர்களுக்குத் தெரிந்த இடர் அதில் புள்ளியாகவே தோன்றாது. உங்களுக்குத் தேவை, யாரிடமிருந்து யாருக்குச் சொல் போகிறது என்ற எளிய படம்.

வரைவில் இரண்டு திருத்தங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. தளத்தில் ஒரே ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் இருக்கும்போது பணிப்பெயரே அவருடைய பெயர்தான். எனவே முடிவுகளை மேலிடத்துக்குத் தரும் முன்பு சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டி, அவர்கள் சம்மதத்தோடு தாருங்கள். அடுத்து, இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்டுப் பேசும்போது வழக்கமான புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது. வலைத் தரவில் ஒரு கோடு இன்னொன்றைச் சார்ந்திருக்கும் என்பதால் அவை பொய்யான உறுதியைத் தரும். வரிசைகளைக் கலைத்துக் கலைத்துச் சோதிக்கும் க்யூ.ஏ.பி. முறை யூசினெட் மென்பொருளிலேயே இருக்கிறது. படம் வரைய மட்டும் என்றால் கெஃபி மென்பொருள் போதும், அது இலவசம்.

அடர்த்தியை, அதாவது சாத்தியமான இணைகளில் உண்மையில் பேசிக்கொள்பவற்றின் பங்கை, உயர்த்துவதை இலக்காக வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 பேர் கொண்ட வலையில் 190 இணைகள் சாத்தியம். அத்தனையும் பேசத் தொடங்கினால் கான்கிரீட் வார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

---

அளவுப்புத்தகம்

கேள்வி வரைவைப் படித்த பிறகு என் எதிர்ப்பு பாதி குறைந்திருக்கிறது; மறுபாதி அப்படியே நிற்கிறது. படம் மாறியது என்பதை வெற்றியாகக் காட்டக் கூடாது. நீராற்றல் பதிவேட்டில் பத்தாம் நாள் வரை கையெழுத்து இருக்கிறதா, பெருங்குடி ஆலையின் எடைச்சீட்டுகளின் கூட்டல் நம் லாரி சீட்டுகளின் கூட்டலோடு பொருந்துகிறதா என்ற இரண்டையும் முதல் சுற்றுக்கு முன்பே எடுத்து வையுங்கள். இரண்டாவது சுற்றில் கோடுகள் பெருகி, இந்த இரண்டும் நகராமல் இருந்தால் பணம் வீண்.

2025இல் அறிவிக்கப்பட்ட புதிய கழிவு விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதாலும், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களின் மீது கழிவுக்கான பொறுப்பு நேரடியாக விழுவதாலும், எடைச்சீட்டு இனி சான்றிதழ் மதிப்பெண்ணுக்கான காகிதம் மட்டுமாக இருக்காது.

---

கற்காரை

அளவுப்புத்தகம் சொல்லும் பதிவேட்டை மேசையில் வைக்காமல், அந்தந்தத் தளப்பலகையிலேயே வார்த்த தேதியையும் நீராற்றல் முடியும் தேதியையும் சுண்ணாம்பால் எழுதச் சொல்லுங்கள். எண்ணைப் படிக்க எந்த மொழியும் தடையில்லை. தேதி எழுதும் பொறுப்பு பலகை பிரிக்கும் சீட்டைத் தருபவரிடமே இருக்கட்டும். அப்போது திட்டமிடல் பொறியாளர், தரக்கட்டுப்பாடு, நீராற்றுபவர் என்ற மூன்று புள்ளிகளும் ஒரே வழியில் வந்துவிடும். தளவரைவு கேட்ட "நாளைக் காலை எதை மாற்றலாம்" என்பதற்கு, கணக்கெடுப்பு முடியும் வரை காத்திருக்காமலேயே செய்யக்கூடியது இது.

---

தளவரைவு

சுண்ணாம்பு எழுத்தைத் திங்கள்கிழமை முதல் தொடங்கச் சொல்லிவிட்டேன். முடிச்சு அவர்களுக்கு: இதனால் முதல் சுற்றின் அடிப்படை நிலை சற்றுக் கலங்கும் என்பது தெரியும், கழிவு வலையை மட்டும் எந்த மாற்றமும் செய்யாமல் முதலில் அளந்துகொள்கிறோம்.

அளவுப்புத்தகம் அவர்களிடம் ஓர் உதவி. கழிவு லாரி ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது. நடைக் கணக்கை மாற்றி எழுத ஒரு வாசகம் தர முடியுமா?

---

அளவுப்புத்தகம்

இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், உங்கள் சட்டப் பிரிவு பார்த்துத் திருத்தட்டும்.

"பிரிக்கப்பட்ட கட்டுமானக் கழிவுக்கான போக்குவரத்துக் கட்டணம், பதப்படுத்தும் ஆலை வழங்கும் எடைச்சீட்டில் உள்ள டன் அளவின்படியே கணக்கிடப்படும். எடைச்சீட்டு இணைக்கப்படாத நடைக்குக் கட்டணம் இல்லை. ஆலைக்குச் செல்லும் கூடுதல் தொலைவுக்கான கட்டணம் டன் விலையில் அடங்கும்."

கடைசி வாக்கியத்தை லாரிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். டன் விலையைப் பேசும்போது அந்தத் தொலைவை நீங்களே முன்வந்து சேர்த்துக் கொடுங்கள்; இல்லையென்றால் எடைச்சீட்டுகள் வேறு எங்கிருந்தாவது வரத் தொடங்கும்.